மணி அடிக்காத வீடு

"வீட்டிலிருந்து எல்லாருக்கும் பேச முடிகிறது. வீட்டுக்குத்தான் யாராலும் பேச முடியவில்லை." பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கடிதத்தின் முதல் வரி இது. இதே குறையைச் சொல் மாற்றி வேறு சிலரும் எழுதியிருப்பதால், இந்த வாரப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

வாசகிக்கு வேலை கே.எல். சென்ட்ரலில். அம்மா கிள்ளான், தாமான் செந்தோசாவில் தனியாக இருக்கிறார், வயது 74. கைப்பேசி ஒன்று இருக்கிறது. ஆனால் அது கைப்பைக்குள், பெரும்பாலும் அணைந்த நிலையில். உறவினர், கோயில், கிளினிக், எதிர்வீட்டுக்காரர் என்று எல்லாரிடமும் இருப்பது வீட்டுத் தொலைபேசி எண்தான். மகள் தினமும் இரவு 8 மணிக்கு அந்த எண்ணுக்கு அழைப்பார். இரண்டு மூன்று வாரமாக அழைப்பு சரியாகப் போய்ச் சேரவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருப்பார், சீக்கிரம் படுத்திருப்பார் என்று மகள் நினைத்துக்கொண்டார். மகளுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, அழைக்க நேரமில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டார். இருவருமே அதை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

மனக்குறையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். இடையில் ஒரு நாள் காலியாக, அதை முன்கூட்டியே தருவதற்காக மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை வீட்டு எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். பதில் இல்லை. அந்த நாள் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த முறை நேரில் போனபோதுதான் விஷயமே தெரிந்திருக்கிறது.

மற்ற பழுதுகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் கவனியுங்கள். இணையம் நின்றுபோனால் ஐந்து நிமிடத்தில் வீட்டில் உள்ள எல்லாரும் கூச்சல் போடுவார்கள். வெளியே அழைக்க முடியாவிட்டால் எண்ணை அழுத்திய மறுநிமிடமே தெரிந்துவிடும். உள்ளே வர வேண்டிய அழைப்பு வராமல் போனால் வீட்டில் இருப்பவருக்கு எந்த அறிகுறியும் கிடைக்காது. வராத அழைப்பை எண்ணிப் பார்க்க வழியில்லை. பெட்டியில் விளக்கு எரிகிறது, தொலைபேசியை எடுத்தால் 'உம்' என்ற ஒலி கேட்கிறது, தங்கைக்கு அழைத்தால் தங்கை எடுக்கிறாள். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, பழைய தொலைபேசி எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு ஜோடிச் செம்புக் கம்பி தொலைபேசி நிலையத்திலிருந்து வரும். அந்தக் கம்பிதான் உங்கள் எண். யாராவது அழைத்தால் நிலையம் அந்தக் கம்பியில் மின்சாரத்தை அனுப்பும், மணி அடிக்கும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நிலையம் தேட வேண்டியதே இல்லை. ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் இணையமும் அதே கம்பியில் வந்தது என்றாலும், தொலைபேசி தன் பாட்டுக்கு இயங்கியது. மோடத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டாலும் மணி அடிக்கும்.

2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியா யூனிஃபை சேவையைத் தொடங்கியது. அதன்பின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை வந்தது. மற்ற நிறுவனங்களும் வந்தன. இப்போது குரலும் இணையத்தைப் போலவே சிறுசிறு தரவுப் பொட்டலங்களாகத்தான் வருகிறது. உங்கள் எண் எந்தக் கம்பியோடும் கட்டப்பட்டதல்ல. நிறுவனத்தின் கணினியில் 'இந்த எண் இப்போது இந்த முகவரியில் இருக்கிறது' என்று ஒரு குறிப்பு இருக்கும், அவ்வளவுதான். அந்தக் குறிப்பை உங்கள் வீட்டுத் தொலைபேசிப் பெட்டிதான் அவ்வப்போது போய்ப் புதுப்பிக்க வேண்டும். இதற்குப் பதிவு என்று பெயர். நீங்கள் வெளியே அழைக்கும்போது உங்கள் பெட்டியே நிறுவனத்தைத் தேடிப் போகிறது. அழைப்பு உள்ளே வரும்போது, நிறுவனம் உங்களைத் தேடி வர வேண்டும். குறிப்பு பழசாகியிருந்தாலோ வழி அடைபட்டிருந்தாலோ அது வந்து சேராது.

வழி எப்படி அடைபடுகிறது? நம் ஊர் கொண்டோமினிய வாசலில் நிற்கும் பாதுகாவலரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து யார் வெளியே போனாலும் அவர் தடுப்பதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்தால் கேள்வி கேட்பார். "12ஆவது மாடியில் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறோம், ஆள் வந்தால் விடுங்கள்" என்று நீங்கள் சொல்லி வைத்திருந்தால் விடுவார். ஆனால் அவருக்கு ஞாபகம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். சாப்பாடு கொண்டு வருபவர் தாமதமாக வந்தால், "யார் நீ? யார் வீட்டுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். நீங்கள் பசியோடு மேலே காத்திருப்பீர்கள்.

வீட்டு ரூட்டர் செய்வது இந்தக் காவலர் வேலைதான். உள்ளிருந்து தொலைபேசிப் பெட்டி நிறுவனத்தோடு பேசினால், அதற்குப் பதில் வருவதற்காக ஒரு வாசலைத் திறந்து வைக்கும். பேச்சு நின்று கொஞ்ச நேரமானால் மூடிவிடும். எவ்வளவு நேரம் என்பதில்தான் சிக்கல். பல ரூட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ். இவ்வகைத் தொடர்புக்கு அதில் வழக்கமாக இருக்கும் கெடு, பதில் வராவிட்டால் 30 விநாடி, இருபக்கமும் பேசியிருந்தால் 2 அல்லது 3 நிமிடம். இணையத் தொலைபேசிக்கான எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறையில் இயங்கும் பல பெட்டிகளில் பதிவு செல்லும் காலத்தை 3,600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம் என்று வைத்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி மணிக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கிறது. வாசல் 3 நிமிடத்தில் மூடிவிடுகிறது. மீதி 57 நிமிடம் அந்த வீட்டுக்கு எந்த அழைப்பும் வராது. நிறுவனத்தின் கணினியிலோ 'பதிவு உள்ளது, சேவை நன்றாக உள்ளது' என்றே காட்டும்.

இதைத் தவிர்க்கத்தான் நல்ல பெட்டிகள் அரை நிமிடத்துக்கு ஒரு முறை நிறுவனத்துக்கு ஒரு வெற்றுச் செய்தி அனுப்பும். காவலரிடம் "அண்ணே, மறந்துடாதீங்க" என்று நினைவூட்டுவது மாதிரி.

தாமான் செந்தோசாவுக்கு ஒரு சனிக்கிழமை மாலை வாசகியோடு நானும் போனேன். அவர்கள் ஏற்கெனவே மூன்று முறை புகார் செய்திருந்தார்கள். மூன்று முறையும் "ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான். அணைத்துப் போட்டதும் சோதனைக்கு அழைப்பார்கள், மணி அடிக்கும், புகார் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய கதை.

எனக்கு வேலையைப் பாதியாக்கியவர் அந்த அம்மாதான். தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, "தம்பி, நான் யாருக்காவது பேசி முடிச்ச உடனே கூப்பிட்டா போன் அடிக்குது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சுன்னா அடிக்க மாட்டேங்குது. அந்தப் பிள்ளைங்ககிட்டேயும் சொன்னேன், அப்படியெல்லாம் இருக்காதுன்னுட்டாங்க" என்றார். அப்படித்தான் இருக்கும். வெளியே ஒரு அழைப்புப் போனால் வாசல் திறக்கிறது, சில நிமிடம் திறந்திருக்கிறது, மூடிவிடுகிறது. வாடிக்கையாளர் சொல்லும் இந்த மாதிரி 'சம்பந்தமில்லாத' விவரங்களில்தான் பெரும்பாலும் விடை இருக்கிறது. அதை எழுதி வைத்துக்கொள்ளாத சேவை மையம் ஆயிரம் முறை ரூட்டரை அணைக்கச் சொல்லியே காலத்தை ஓட்டும்.

சோதித்துப் பார்த்தோம். அம்மா தன் தங்கைக்கு ஒரு நிமிடம் பேசிவிட்டு வைத்தார். ஒரு நிமிடத்தில் மகள் கைப்பேசியிலிருந்து அழைத்தார், மணி அடித்தது. யாரும் தொடாமல் 10 நிமிடம் விட்டு மறுபடி அழைத்தார். அடிக்கவில்லை. மகளின் கைப்பேசியில் நீண்ட மௌனம், அதன்பின் 'டூட் டூட்' என்று வேகமான ஒலி.

பிறகு கம்பிகளைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன் மகன் வந்திருந்தபோது, மாடி அறையில் வைஃபை சரியாக வரவில்லை என்று லோ யாட்டில் புதிதாக ஒரு மெஷ் ரூட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். நல்ல பிள்ளை, நல்ல ரூட்டர். ஆனால் நிறுவனம் கொடுத்த ரூட்டர் ஒரு காவலர், அதன் பின்னால் மெஷ் இன்னொரு காவலர் என்று ஆகிவிட்டது. தொலைபேசிப் பெட்டியின் கம்பியை அவர் கழற்றி இரண்டாவது காவலருக்குப் பின்னால் செருகியிருந்தார். அந்த மெஷ் ரூட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதி இயங்கிக்கொண்டிருந்தது. இணையத் தொலைபேசிக்கு உதவுவதற்கென்றே உருவாக்கப்பட்ட வசதிதான். அது போகிற வருகிற செய்திகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் முகவரியைத் திருத்தி எழுதும். பல ரூட்டர்களில் அது தப்பும் தவறுமாகத் திருத்துவதால், அழைப்பு வழி தவறிப் போய்விடும்.

செய்தது மூன்று காரியம். தொலைபேசிப் பெட்டியின் கம்பியை நிறுவனத்தின் ரூட்டருக்கே திருப்பி மாற்றினோம். மெஷ் ரூட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' நிலைக்கு மாற்றினோம். அப்படி மாற்றினால் அது வைஃபையை மட்டும் பரப்பும், காவல் வேலை பார்க்காது. பெட்டியின் அமைப்புகளுக்குள் போய் அந்த அரை நிமிட நினைவூட்டல் செய்தியை இயக்கிவிட்டோம். பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று இடைவெளி விட்டு அழைத்துப் பார்த்தோம், அடித்தது. உண்மையான சோதனை மறுநாள் காலையில்தான். இரவு முழுவதும் யாரும் தொடாத தொலைபேசிக்குக் காலை 7 மணிக்கு மகள் அழைத்தார். "என்ன பாப்பா, இவ்வளவு காலையிலேயே? யாருக்கு என்ன ஆச்சு?" என்று அம்மா பதறிப்போனாராம்.

எல்லா வீட்டிலும் இதே காரணம் இருக்காது. சில நிறுவனங்களின் சேவையில் குரலுக்கென்றே தனிப்பாதை ஒதுக்கப்பட்டிருக்கும். யூனிஃபையில் இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்று பாதைகளுக்கு எண் வைத்திருப்பதை ரூட்டர் மாற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். குரலும் அப்படித் தனியாகப் போகும் வீடுகளில் நான் மேலே சொன்ன காவலர் தொல்லை இருக்காது. ஆனால் நிறுவனம் கொடுத்த பெட்டியை எடுத்துவிட்டுக் கடையில் வாங்கிய ரூட்டரை வைத்தால், இணையம் பிரமாதமாக வேலை செய்யும், தொலைபேசி மட்டும் செத்துக்கிடக்கும். தொலைபேசிக்கான அமைப்புகள் பழைய பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டன என்பதுதான் காரணம். பழைய பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் உங்கள் வீட்டில் கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது, எது சிமிட்டுகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியிலிருந்து உங்கள் வீட்டு எண்ணை அழைத்து, அழைப்பவருக்கு என்ன கேட்கிறது என்று கவனியுங்கள்.

கைப்பேசியில் 'ட்ரிங் ட்ரிங்' என்று வழக்கமான மணியோசை கேட்கிறது, வீட்டில் சத்தமில்லை என்றால், அழைப்பு பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பெட்டி வரை வந்துவிட்டது. குறை வீட்டுக்குள்தான். அல்லது அழைப்பு வேறெங்கோ திருப்பிவிடப்பட்டிருக்கிறது. நீண்ட மௌனத்துக்குப் பிறகு வேக ஒலியோ அறிவிப்போ வந்தால், நிறுவனம் உங்களைத் தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் கைவிட்டிருக்கிறது. செந்தோசா வீட்டில் கேட்டது இதுதான். அழுத்திய உடனே 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற அறிவிப்பு வந்தால் பதிவே இல்லை என்று சந்தேகிக்கலாம். எப்போது அழைத்தாலும் 'எங்கேஜ்' ஒலி வருகிறதென்றால், மாடியில் இன்னொரு தொலைபேசியின் கைப்பிடி சரியாக வைக்கப்படாமல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் வந்துபோன வீடு என்றால் முதல் சந்தேகமே இதுதான். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை என்றால் மறுபடியும் காவலர் பிரச்சினை. அழைப்பை உள்ளே விட்டவர் குரலை விடவில்லை.

அழைத்துப் பார்க்கும்போது ஒரே கைப்பேசியை நம்பாதீர்கள். வேறு நிறுவனத்தின் கைப்பேசி ஒன்று, முடிந்தால் இன்னொரு வீட்டுத் தொலைபேசி ஒன்று. ஒரு நிறுவனத்தின் எண்களிலிருந்து மட்டும் அழைப்பு வரவில்லை என்றால், உங்கள் வீட்டில் எதைக் கழற்றி மாட்டினாலும் பயனில்லை. இரண்டு நிறுவனங்களும் சந்திக்கும் இடத்தில் அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

காதால் கண்டுபிடிக்கும் இந்த முறையை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் நடந்து போனால் பார்வையற்றோர் நடத்தும் உடற்பிடிப்பு நிலையங்களை வரிசையாகப் பார்க்கலாம். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகமும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்த நிலையங்கள் பலவற்றுக்கு வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். மணி அடிக்காவிட்டால் அன்றைய வருமானம் போச்சு. "மூன்றாவது விளக்கு பச்சையா சிவப்பா?" என்று சேவை மையத்தில் கேட்டால் அங்கே இருப்பவர் என்ன சொல்வார்? மௌனமா, வேக ஒலியா, மணியோசையா என்று கேட்டால், கண் தெரிந்த நம்மைவிட அவரே துல்லியமாகச் சொல்லிவிடுவார். நிறுவனங்கள் தங்கள் கேள்விப் பட்டியலை இந்த ஒரு விஷயத்துக்காகவாவது மாற்றி எழுதலாம்.

வீட்டுக்குள் இருக்கும் காரணங்களுக்கு வருவோம். இவற்றில் பல சிரிப்பு வரவைக்கும் அளவுக்குச் சாதாரணமானவை. கம்பியில்லாத் தொலைபேசியில் மணியோசை அணைக்கப்பட்டிருக்கும். பல கருவிகளில் நட்சத்திரக் குறியையோ சதுரக் குறியையோ கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே மணி அடங்கிவிடும், துடைக்கும்போது துணி பட்டாலும் போதும். பழைய கம்பித் தொலைபேசிகளின் அடிப்பாகத்திலோ பக்கவாட்டிலோ மணிக்கு ஒரு சின்னச் சுவிட்சு இருக்கும். அழைப்பைக் கைப்பேசிக்குத் திருப்பிவிடும் வசதியை முன்னொரு காலத்தில் ஊருக்குப் போனபோது போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள். அந்தக் கைப்பேசி எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ!

பழைய வீடுகளில் ஒரே இணைப்பில் வரவேற்பறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று நான்கைந்து தொலைபேசிகள் இருக்கும். தொலைபேசி நிலையம் அனுப்பிய மின்சாரம் அத்தனை மணியையும் அடிக்க வைத்தது. இப்போதைய சிறு பெட்டிக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதிலும் உண்மையான வெண்கல மணி வைத்த தாத்தா காலத்துத் தொலைபேசி ஒன்று சேர்ந்திருந்தால், எந்த மணியும் அடிக்காமல் போகலாம். பேசுவதற்குக் குறைந்த மின்சாரம் போதும் என்பதால் பேச்சு மட்டும் ஒழுங்காக இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு தொலைபேசியைப் பெட்டியின் பின்னால் நேராகச் செருகி அழைத்துப் பாருங்கள். அடித்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் காரணம்.

நம் ஊர் இடி மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாலையில் வானம் இருட்டியதும் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிப் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, நல்ல பழக்கம்தான். கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது. ஆனால் மின்சாரக் கம்பி வழியாக வரும், பெட்டி எரியும். மழை விட்டதும் தொலைக்காட்சியையும் இணையத்தையும் ஞாபகமாக மாட்டுவார்கள். தொலைபேசிப் பெட்டிக்கு மட்டும் தனி அடாப்டர் என்றால் அதைக் காலையில்தான் கவனிப்பார்கள், சில வீடுகளில் அடுத்த வாரம்.

மின்தடையும் அப்படித்தான். செம்புக் கம்பிக் காலத்தில் தொலைபேசிக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தை நிலையமே கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தது. வீடு இருண்டாலும் தொலைபேசி உயிரோடு இருக்கும். இப்போது வீட்டில் மின்சாரம் போனால் தொலைபேசியும் போய்விடும். முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் ரூட்டருக்கென்று விற்கும் சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வைக்கச் சொல்வேன். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல வீடுகளில் இழை வந்து சேரும் பெட்டி தனி, ரூட்டர் தனி. ரூட்டருக்கு மட்டும் பேட்டரி கொடுத்துவிட்டு இழைப் பெட்டியை விட்டுவிட்டால் எந்தப் பயனும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துத் தாக்குப்பிடிக்கிறதா என்று சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுங்கள். அவசரத்துக்கு 999ஐ அழைக்க, சார்ஜ் உள்ள ஒரு கைப்பேசி கட்டிலருகே இருக்க வேண்டும் என்பதையும் அம்மா அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள்.

இப்போதைய மோசடி அழைப்புகளால் வந்த தொல்லையும் ஒன்று உண்டு. போலீஸ் பேசுகிறோம், வங்கி பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகிவிட்டதால், பிள்ளைகளே பெற்றோரின் தொலைபேசியில் தெரியாத எண்களையும் எண் காட்டாத அழைப்புகளையும் தடுத்து வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவமனை, அரசாங்க அலுவலகம் போன்ற இடங்களிலிருந்து வரும் அழைப்புகளில் சில எண் காட்டாமலோ, நீங்கள் சேமித்து வைத்த எண் அல்லாத வேறொரு எண்ணிலிருந்தோ வரும். அவையும் தடைபடும். எல்லாவற்றையும் அடைத்துவிடுவதைவிட, எடுத்துக் கேட்கலாம், வங்கி விவரமோ ஆறிலக்க எண்ணோ கேட்டால் வைத்துவிட வேண்டும் என்று பெரியவர்களுக்குப் பழக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. பணம் போய்விட்டதென்றால் உடனே அழைக்க 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் அழைப்பு மட்டும் கிடைப்பதில்லை என்று கேட்டவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கல்யாணப் பத்திரிகையில் 03 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, அங்கே இருப்பவர்கள் 0060 போட்டு அதன்பின் 03 என்று அழுத்துகிறார்கள். அந்தப் பூஜ்யம் வரக் கூடாது. 0060க்குப் பின் நேராக 3, பிறகு எட்டு இலக்கங்கள். பத்திரிகையிலேயே +60 3 என்று அச்சிட்டுவிட்டால் தொல்லையில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். போகும்போது "போன் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து அழைத்தோம், என்ன ஒலி கேட்டது, அதற்கு முன் வீட்டிலிருந்து கடைசியாக எப்போது வெளியே பேசினோம். அதை வைத்துக்கொண்டு, "என் எண் இந்த நிமிடம் உங்கள் கணினியில் பதிவாகியிருக்கிறதா? கடைசியாக எத்தனை மணிக்குப் பதிவானது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால், ரூட்டரை அணைக்கச் சொல்லும் ஆளிடமிருந்து அடுத்த கட்ட ஆளிடம் உங்கள் அழைப்பு சீக்கிரம் போய்ச் சேரும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் அந்தப் புகார் எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். புகார் எண் இல்லாமல் போனால், முதலில் நிறுவனத்திடம் போய் வாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.

தொழில்நுட்பர் வீட்டுக்கு வந்தால், அவர் கருவியில் பச்சை விளக்கைக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார். உடனே போட்டுவிடாதீர்கள். ஒரு குவளை தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். வந்த வேலை முடிந்து 15 நிமிடமாவது யாரும் தொலைபேசியைத் தொட வேண்டாம். அதன்பின் அவருடைய கைப்பேசியிலிருந்தே வீட்டு எண்ணுக்கு ஒரு முறை அழைக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் கையெழுத்துப் போடலாம்.